பூண்டு வாடை

வீட்டில் ரசத்துக்குப் பூண்டு தட்டும் சத்தம் கேட்டால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவேன். இதை மூக்குக் கோளாறு என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். நானும் மறுத்ததில்லை. உண்மையில் என் மூக்கில் ஒரு கோளாறும் கிடையாது. கோளாறு காதில்தான் இருந்தது. ஒருத்தி மூன்று தரம் சொல்ல வந்ததைக் கேட்காத காது.

அந்த ஒருத்தி என் அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவள். போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கிட்டங்கி வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டவள். வாங்குவதும் விற்பதும் மச்சான் பொறுப்பு. கிட்டங்கிக்குள் நடப்பதெல்லாம் அக்காவின் ராஜ்ஜியம். மூட்டைக்குள் கையை விட்டால் போதும். காய் எந்தச் சரிவில் விளைந்தது, எத்தனை நாள் காய்ந்தது, சொத்தை எவ்வளவு கலந்திருக்கிறது என்று எங்கோ பார்த்துக்கொண்டே சொல்லிவிடுவாள். மலைக்கு அந்தப் பக்கத்து வியாபாரிகள்கூட, “சேச்சி கையிட்டு நோக்கட்டே” என்று மூட்டையை அவள் முன்னால் இறக்குவார்கள். அவள் சொன்ன ரகத்துக்கு மறுபேச்சு கிடையாது.

நான் மைசூர்ச் சீமையில் ஒரு தங்கச் சுரங்கத்தின் சோதனைக்கூடத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். ஊரில் அதைப் பெரிய உத்தியோகம் என்று நினைத்தார்கள். கல்லை இடித்து, சலித்து, உருக்கி, உள்ளே என்ன எவ்வளவு இருக்கிறது என்று துரைக்கு எழுதிக் கொடுக்கும் வேலை, அவ்வளவுதான். அப்பா காலமானதும் நிலத்தைப் பார்க்க ஆளில்லாமல் ஊருக்குத் திரும்பினேன். கொண்டுவந்தது ஒரு மரப்பெட்டி. அதில் ஊதுகுழல், இரண்டு சீசா திராவகம், சின்னத் தராசு, கொஞ்சம் மாதிரிக் கற்கள். பெட்டிக்குள் அடங்காத தலைக்கனமும் கூடவே வந்தது.

வந்த புதிதில் மச்சானுக்கு நான்தான் பொழுதுபோக்கு. “ஏ மாப்ளே, ஆறு வருசம் தங்கத்துக்குள்ளயே கெடந்துட்டு வந்திருக்க. உங்க அக்காளுக்கு ஒரு மூக்குத்திக்காவது தேறுமா?” என்பார்.

“தம்பி கல்லக் கொண்டாந்திருக்கான். அம்மிக்கு ஆகுமான்னு பாப்போம்” என்பாள் அக்கா.

இந்தக் கேலிக்குப் பதில் சொல்லத்தான் ஒரு நாள் பெட்டியைத் திறந்தேன். துத்தநாகக் கற்கள் ஐந்தை எடுத்து வரிசையாக வைத்தேன். முதல் கல் தேன் நிறம். அடுத்தது வெல்ல நிறம். அதற்கடுத்தவை கறுத்துக்கொண்டே போய், கடைசிக் கல் அடுப்புக்கரி மாதிரி இருக்கும். ஐந்தும் ஒரே கல் என்றேன். யாரும் நம்பவில்லை.

துத்தநாகமும் கந்தகமும் கூடி உண்டான கல் அது. ஆனால் துத்தநாகம் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். கல்யாணப் பந்தியில் பெண் வீட்டாருக்குப் போட்ட இலையில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்துவிடுவதைப் போலத்தான். ஆள் பருமன் ஒத்துப்போவதால் வரிசை கலைவதில்லை. வாசலில் நின்று பார்க்கிறவனுக்கு அதே பந்திதான். நூற்றில் ஒருவர் மாறினால் தேன் நிறம், பத்துப் பதினைந்து பேர் மாறினால் கரி நிறம். இது அரிசியில் கல் கலந்த மாதிரிக் கலப்படமும் இல்லை. பொறுக்கி எடுத்துவிட முடியாது. சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோல ஒன்று இன்னொன்றில் கரைந்திருக்கிறது. ஆனால் இங்கே தண்ணீர் கிடையாது, கெட்டியாக இருந்துகொண்டே கரைந்திருக்கிறது. இதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

மச்சான் கொட்டாவி விட்டார். அக்கா ஏலக்காய் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். “அப்ப வாசல்ல நின்னு பாத்து ஆகப்போறது ஒண்ணுமில்ல. எலைக்கு எலை போயி, யாரு ஒக்காந்திருக்கான்னு பாத்தாத்தான் தெரியும்னு சொல்லு.”

“ஆமாக்கா” என்றேன். பெருமையாக இருந்தது. அவள் புரிந்துகொண்டதற்காக அல்ல, நான் புரியவைத்துவிட்டேன் என்று. அவள் அன்று ஒரே வாக்கியத்தில் சொன்னதை நான் நினைவில் வைத்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அப்போது ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்தது. போடியில் குண்டு விழவில்லை, கந்தகம்தான் கிடைக்கவில்லை. வெளியூர் வியாபாரிகளுக்கு ஏலக்காய் வெள்ளையாக இருக்க வேண்டும். அதற்காகக் காயைக் கந்தகப் புகையில் வெளுப்பார்கள். கிட்டங்கியின் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு கொட்டடி இருந்தது. உள்ளே மூங்கில் தட்டுகளில் காயைப் பரப்பி, நடுவில் கும்மட்டி அடுப்பில் கரி மூட்டி, அதன்மேல் கந்தகத்தைப் போட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். இடையிடையே உள்ளே போய்க் காயைப் புரட்டிவிட வேண்டும். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு அக்கா மட்டும்தான் போவாள். வேலைக்கு வரும் பெண்களை விடமாட்டாள். “பச்சப்புள்ளக்காரிக. பொகைக்குள்ள நிக்கவேணாம், நான் பாத்துக்கிறேன்” என்பாள்.

அம்மையநாயக்கனூர் ரயிலடிக்குப் போன வண்டிகள் கந்தகம் இல்லாமலே திரும்பி வந்தன. பட்டாளத்துக்கு வெடிமருந்து இடிக்கவே போதவில்லையாம். காய் பழுப்பு நிறத்தில் கிட்டங்கியில் அடைந்து கிடந்தது. மச்சான் கேலி செய்வதைக்கூட நிறுத்திவிட்டார். எனக்கு நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் ஓர் ஓடை உண்டு. அதன் கரையில் வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் கல்லுக்கு நடுவே பித்தளை நிறத்தில், பகடைக்காய் போலச் சதுரம் சதுரமாக ஒரு கல் மின்னும். விறகுக்குப் போகிறவர்கள் பித்தளைக்கல் என்பார்கள். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. பாதிக்குமேல் கந்தகம். இடித்துக் கரியில் போட்டால் அதே புகை. ஒரு கல்லைக் கொண்டுவந்து திராவகத்தில் கரைத்தேன், கரியில் வைத்து ஊதினேன். இரும்பு, கந்தகம், வேறொன்றும் இல்லை.

“ஒரு கல்லு பாத்தாப் போதுமா மாப்ளே?” என்று மச்சான் கேட்டார். வியாபாரி அல்லவா, சந்தேகம் இருக்கத்தான் செய்யும்.

“ஒரு பானச் சோத்துக்கு ஒரு சோறு பதம் மச்சான்” என்றேன்.

சோற்றுக்கு அது சரி. ஒரே தண்ணீரில் ஒரே தீயில் வெந்த சோறு. மூட்டையில் குத்தூசியைக் குத்தி நாலு காயை எடுத்துப் பார்த்து விலை பேசும் எங்கள் ஊர் வழக்கமும் காய்க்குச் சரிதான். சுரங்கத்தில் நான் ஆறு வருஷமும் அப்படியா செய்தேன்? நூறு மூட்டை கல் வந்தால் நூறையும் இடித்து, ஒரே குவியலாக்கி, குவியலை நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களை எடுத்து மறுபடி இடித்து, மறுபடி பிரித்து, கடைசியில் மிஞ்சும் ஒரு பிடிதான் சோதனைக்குப் போகும். மலையில் ஒரு முழத்துக்கு ஒரு முழம் கல்லின் குணம் மாறும் என்பது அங்கே கூலிக்காரனுக்கும் தெரியும். அங்கே தலைக்குமேல் துரை நின்றான், செய்தேன். இங்கே தலைக்குமேல் யாரும் இல்லை.

முதல் வருஷம் காய் மல்லிகையாக வெளுத்தது. மச்சான் என்னைத் தோளில் தூக்காத குறைதான். ‘படிச்சவன் படிச்சவன்தான்’ என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் மேல்துண்டை மடித்துப் போட ஆரம்பித்தது அந்த வருஷம்தான்.

அடுத்த வருஷம் ஓடைக்கரையில் கல் தீர்ந்துபோனது. கழுதைக்காரர்கள் மேலே, மெட்டுக்குப் பாதி வழியில், அதே வெங்கச்சங்கல் ரேகை போகும் இடத்தில் வெட்டிக் கொண்டுவந்தார்கள். அதே நிறம், அதே சதுரம். கொஞ்சம் வெளுத்திருந்ததோ என்று இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அன்று எனக்கு எதுவும் தோன்றவில்லை.

“தம்பி, இது மேல இருந்து வந்த கல்லாம். ஒருக்காப் பாத்துரு” என்றாள் அக்கா.

“பாத்த கல்லுதானக்கா” என்றேன். பெட்டி பரணில் இருந்தது. ஏறி எடுக்கச் சோம்பல். இதுதான் உண்மை, இதற்கு மேல் இதில் தத்துவம் ஒன்றும் இல்லை.

கார்த்திகையில் ஒரு நாள் விடிகாலையில் அக்கா கொட்டடியிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். “தம்பி, கெந்தக வாடையோட பூண்டு வாடையும் வருதுடா.”

“பக்கத்து வீட்டுல ரசம் கொதிக்கும்க்கா.”

“விடியமுன்ன எவடா ரசம் வைப்பா? பூண்டச் சுட்ட வாடைடா இது.”

காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சோதனைக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக் கொடுப்பது ஒன்று உண்டு. கல்லைக் கரியில் வைத்து ஊதும்போது பூண்டு வாடை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். அந்தக் கல்லில் பாஷாணம் இருக்கிறது, ஆர்சனிக் என்று துரைகள் சொல்லும் விஷம். இது எனக்குத் தெரியாததா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தக் கல்லில் இரும்பும் கந்தகமும்தான் என்று நான் தீர்ப்புச் சொல்லியாயிற்று. தீர்ப்புக்குப் பிறகு சாட்சி எதற்கு?

பத்து நாள் கழித்து மறுபடியும் சொன்னாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “மைசூருக்குப் போயிப் படிச்சது நீயா நானா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். மூன்றாவது தரம் ஒரு நாள், “தம்பி” என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சாப்பிட்டயா?” என்று முடித்துக்கொண்டாள்.

மாசியில் அவளுக்கு வயிறு கெட்டது. பங்குனியில் உள்ளங்கால் எரிகிறது என்றாள். சித்திரையில் ஒரு வியாபாரி மூட்டையை அவள் முன்னால் இறக்கினான். அக்கா கையை உள்ளே விட்டாள். வெகுநேரம் துழாவினாள். பிறகு ஒரு கை காயை வெளியே எடுத்து, குனிந்து, கண்ணால் பார்த்தாள். அவள் ஏலக்காயைக் கண்ணால் பார்த்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த மாதங்களில் மேனி கறுத்து, கறுப்பில் புழுதியில் தூறல் விழுந்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள் வந்தன. உள்ளங்கை தடித்துக் காய்ப்பேறியது. ஒரு நாள் அடுப்பில் பழுக்கக் காய்ந்த கரண்டியைப் பிடித்தவள், தோல் கருகிய நாற்றம் வந்த பிறகுதான் விரலைப் பார்த்தாள். மேனியில் புள்ளி, விரலில் சுரணை இல்லை. எங்கள் ஊரில் இதற்கு ஒரே பெயர்தான் உண்டு. வாயால் யாரும் சொல்ல மாட்டார்கள். காய் பொறுக்க வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக நின்றுபோனார்கள். சொந்தக்காரர்கள் வாசலோடு பேசிவிட்டுப் போனார்கள். அக்காவே தனக்கென்று ஒரு செம்பையும் தட்டையும் ஒதுக்கி வைத்துக்கொண்டாள். ‘போன ஜென்மத்துப் பாவம்’ என்றாள். நானும் அந்த நோய்தான் என்று நம்பினேன். ஆடி வரை நம்பினேன்.

ஆடிக் காற்றுக்கு முன் கொட்டடிக் கூரையின் ஓடுகளை மாற்ற வேண்டியிருந்தது. மேலே ஏறிய நான் உத்திரத்தில் வெள்ளையாக, மாவு மாதிரி ஒன்று படிந்திருப்பதைப் பார்த்தேன். கந்தகம் எரிந்தால் இப்படிப் படியாது. ஓர் ஓரமாகச் சுரண்டிக் காகிதத்தில் மடித்தேன். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். கரியில் வைத்து ஒரு தடவைதான் ஊதினேன். பூண்டு வாடை.

மூலையில் கிடந்த பித்தளைக்கற்களில் ஐந்தை எடுத்துச் சோதித்தேன். ஒன்றில் பாஷாணம் இல்லவே இல்லை என்று சொல்லலாம். ஒன்றில் கொஞ்சம். ஒன்றில் வாடை தாங்காமல் வெளியே ஓடினேன். ஐந்தும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே நிறம், ஒரே சதுரம். கந்தகத்துக்குப் போட்ட இலையில் பாஷாணம் உட்கார்ந்திருந்தது, கல்லுக்குக் கல் வேறு வேறு கணக்கில். நான் வாசலில் நின்று பந்தியைப் பார்த்துவிட்டுப் போனவன். புகைக்குள் போய் நின்றவள் என் அக்கா.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இது பெருநோய் இல்லை, குஷ்டம் இல்லை, ஒட்டாது, நான் புகைக்கக் கொடுத்த விஷம் என்று கடைத்தெருவில் நின்று கத்தியிருக்க வேண்டும். நான் செய்தது என்ன? கல் தீர்ந்துவிட்டது என்று மச்சானிடம் பொய் சொல்லி, மிச்சக் கல்லை இரவோடு இரவாகப் பாழுங்கிணற்றில் கொட்டினால் யாராவது பார்த்துச் சந்தேகப்படுவார்கள் என்று பயந்து, குப்பை புதைக்கிறவன்போலப் பட்டப்பகலில் வேலிக்கு அப்பால் குழி தோண்டிப் புதைத்தேன். கிட்டங்கியில் மிச்சமிருந்த காயைப் பூஞ்சை என்று சாக்குச் சொல்லிப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவ வைத்தேன். வண்டியேறிப் போய்விட்ட காய்க்கு, விஷம் தோலில்தானே இருக்கும், தோலை யார் தின்கிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மதுரைக்கு அழைத்துப்போய் டாக்டரிடம் காட்டலாம் என்று மச்சான் சொன்னபோது, வீண் அலைச்சல் என்று தடுத்ததும் நான்தான். டாக்டர் என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியும். பயந்தாங்கொள்ளி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். அதைச் சொல்லவும் எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

ஆவணியில் அக்கா மகளைப் பெண் பார்க்கச் சின்னமனூரிலிருந்து வந்தார்கள். நல்ல இடம். பையனை எல்லோருக்கும் பிடித்திருந்தது, அவளுக்கும்தான். தாய்மாமன் என்ற முறையில் வாசலில் நின்று வரவேற்றது நான். அக்கா உள் அறையில் ஒடுங்கியிருந்தாள். எல்லாம் முடியும் நேரத்தில் மாப்பிள்ளையின் அத்தை, “பொண்ணப் பெத்தவளக் கண்ணுல காட்டலையே?” என்றாள்.

அக்கா வந்தாள். புதுச் செம்பில் தண்ணீரோடு வந்தாள். நீட்டிய கையை அந்த அம்மாள் பார்த்தாள். செம்பு அந்தரத்தில் நின்றது. யாரும் வாங்கவில்லை. “பொழுதாச்சு, நாங்க போயிச் சொல்லியனுப்புறோம்” என்று எழுந்தார்கள். வாசலில் என்னைத் தாண்டித்தான் போனார்கள். ஒரு வாக்கியம் சொன்னால் போதும், நின்றிருப்பார்கள். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மறு வருஷம் அந்தப் பெண்ணை ராசிங்காபுரத்தில் மனைவியை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒருவருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்தோம். கெட்ட மனிதர் இல்லை. கல்யாணத்துக்கு என் அக்கா வரவில்லை. வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. தாய்மாமன் சீரை நான் குறைவில்லாமல் செய்தேன். எல்லோரும் மெச்சினார்கள்.

அக்கா தோப்பில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு தனியாகப் போய்விட்டாள். சண்டை முடிந்த வருஷத்து விஷக்காய்ச்சலில் மச்சான் போனார். அதற்கும் இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம், தோப்புக்கு எண்ணெய் கொண்டுபோனவன், அவள் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஓடைக் கல், மேல் கல், உத்திரத்து வெள்ளை, ஊதுகுழல். அழுதேன். காலைத் தொட்டேன். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. காலிலும் சுரணை இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

“அப்ப இது அந்தச் சீக்கு இல்லையா?” என்றாள்.

“இல்லக்கா.”

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“ஆடியில. ஓடு மாத்துனப்ப.”

விரல் விட்டு எண்ணப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை. வாய்க்குள் மாதங்களைச் சொல்லிக்கொண்டாள்.

“சின்னமனூர்க்காரவுக வந்தது ஆவணியிலல்ல?”

“ஆமாக்கா.”

“வாசல்ல நீதான நின்ன?”

“ஆமாக்கா.”

தோப்புக்கு மேற்கே மெட்டில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, “மழ வருது. வெரசாக் கெளம்பு” என்றாள்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தாள். என்னோடு பேசாமல் இல்லை. போனால் சோறு போட்டாள். என் பிள்ளைகளை விசாரித்தாள். ஊர்க்கதை சொன்னால் சிரிக்கவும் செய்தாள். தம்பி என்று மட்டும் ஒரு நாளும் கூப்பிடவில்லை.